டீலர் பார்ட்ஸ், பேர் போன கம்பெனி, பைரேட், ஸ்கிராப் யார்டு: டர்பன்ல எத எங்க வாங்கலாம்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய டொயோட்டா, போலோ வச்சிருக்கற யாரக் கேட்டாலும் பேச்சு விலையிலதான் ஆரம்பிக்கும், டீலர் இவ்ளோ கேக்கறான் பைரேட், அதாவது பேர் தெரியாத மலிவு பார்ட், அதுல பாதிகூட இல்லன்னு. நான் விலைக்கு முன்னாடி பாக்கறது வேற, ஓடிட்டிருக்கும்போது இந்த பார்ட் புட்டுக்கிச்சுன்னா உள்ள இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்?

பிரேக் பேட்ட எடுத்துக்கோங்க. டீலர் பேட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம், விலைதான் கசக்கும். ஆனா கார் கம்பெனிங்க பெரும்பாலும் பேட்ட தாங்களே செய்றதில்ல, வெளிய செஞ்சு வாங்கி தங்களோட டப்பாவுல போட்டு விக்கறாங்க, அப்படி சப்ளை பண்ற ஏடிஇ, ஃபெரோடோ மாதிரி கம்பெனிங்க சொந்தப் பேர்லயும் விக்கறாங்க, அத வாங்கினா பாதுகாப்புல பெருசா ஒண்ணும் குறையாது. என் ஓட்டு இதுக்குத்தான். கடையில பேட்ட கையில வாங்கித் திருப்பிப் பாருங்க, பின்பக்க இரும்புத் தகட்டுல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்தும் பக்கத்துல 90R-னு வர்ற நம்பரும் இருந்தா அது ஐரோப்பா ரூல்படி டெஸ்ட் ஆனது, ஒரிஜினல் பேட் பிடிக்கறதுக்கும் இது பிடிக்கறதுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது அந்த ரூல். நம்ம தென்னாப்பிரிக்காவுலயும் மாத்து பிரேக் லைனிங்குக்கு (பேட்ல தகட்டு மேல ஒட்டியிருக்கற, தேயற பகுதி) என்ஆர்சிஎஸ்-ங்கற அரசு தரக்கட்டுப்பாட்டு அமைப்போட கட்டாய விதி இருக்கு, அதுக்குள்ள வராத சரக்க விக்கவே கூடாது.

பேரே இல்லாத டப்பாவுல வர்ற பைரேட் பேட்டோட ஆபத்து என்னன்னா ஊருக்குள்ள ஓட்டறப்ப தெரியவே தெரியாது, நல்லாத்தான் பிடிக்கும். குளூஃப்ல இருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்துல நாலு பேர ஏத்திக்கிட்டு பிரேக்க மிதிச்சிக்கிட்டே வாங்க, அப்ப பேட் சூடாகி உள்ள இருக்கற மட்டமான பசை கருகி கேஸ் விட ஆரம்பிக்கும், பெடல் கல்லு மாதிரி இருக்கும் வண்டி மட்டும் நிக்காது. அந்த இறக்கத்தோட அடியிலதான் 2013 செப்டம்பர்ல ஒரு லாரி நிக்காம வந்து டாக்ஸிங்க மேல மோதி 20 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு காரணம் பேட்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த ரோட்டுல தினம் இறங்கறவங்க பிரேக்குல காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. இன்னொண்ணு நம்ம கடல் காத்து, மட்டமா பெயின்ட் அடிச்ச தகடு துருப்பிடிச்சு உப்பினா மேல ஒட்டியிருக்கற லைனிங் அப்படியே பேந்து வந்துடும், பழகின மெக்கானிக் யாரக் கேட்டாலும் சொல்வாங்க.

முன்சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் பிடிச்சு வச்சிருக்கற பால் ஜாயின்ட், டை ராடு எண்டு இதுக்கும் அதே கணக்குதான், நல்ல கம்பெனி போதும், பைரேட்டும் வேணாம் ஸ்கிராப்பும் வேணாம்.

ஏர்பேக்ல ஒப்பீடே கிடையாது, டீலர் மட்டும்தான். ஸ்கிராப் யார்டுல கம்மியா கிடைக்குதுன்னு வாங்கி மாட்டறாங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. தகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக்ல அத ஊத வைக்கறதுக்கு அம்மோனியம் நைட்ரேட் இருந்துச்சு, வருஷக்கணக்குல வெக்கையும் ஈரப்பதமும் பட்டு அது கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உள்ள கேஸ் அடிக்கற இன்ஃப்ளேட்டரே வெடிச்சு இரும்புத் துண்டு முகத்துல பாய்ஞ்சுது, அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர திரும்பக் கூப்பிட்டாங்க. டர்பன் புழுக்கத்துல யார்டுல கிடக்கற பழைய வண்டியோட ஏர்பேக் எந்த நிலைமையில இருக்கும், அந்த வண்டிக்கு ரீகால் வேலை முடிச்சாங்களான்னு எப்படி தெரியும்?

சைடு மிரர் கண்ணாடி, பம்பர், கதவுக் கைப்பிடி இதுக்கெல்லாம் ஸ்கிராப் யார்டே ராஜா. கம்பெனி ஃபிட்டிங் அப்படியே பொருந்தும், பைரேட் பம்பர மாதிரி இடைவெளி விட்டுக்கிட்டு நிக்காது.

வெளிய பார்ட் மாத்தினா வாரன்டி போயிடும்னு டீலர் மிரட்டினா பயப்படாதீங்க, வியாபாரப் போட்டியக் கண்காணிக்கற காம்பட்டிஷன் கமிஷனோட ரைட் டு ரிப்பேர் (வண்டிய எங்க ரிப்பேர் பண்ணணும்னு நாமளே முடிவு பண்ற உரிமை) வழிகாட்டுதல் 2021 ஜூலை 1லயே வந்தாச்சு, வெளிய சர்வீஸ் பண்ணலாம் வேற கம்பெனி பார்ட்டும் போடலாம், அந்த பார்ட்டாலயே ஏதாவது கெட்டா மட்டும் அத க்ளெய்ம் பண்ண முடியாது. பில்லுல கம்பெனி பேரும் பார்ட் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்க, வாங்கின சரக்குல குறை இருந்தா 6 மாசத்துக்குள்ள திருப்பித் தர நுகர்வோர் சட்டத்துல இடம் இருக்கு, வெறும் "பிரேக் பேட்"னு எழுதின பில்ல வச்சுக்கிட்டு கடையில போய் வாதாடறது கஷ்டம்.