பிடுங்கி எறிந்த ஊதாத் தண்டு நாற்றுகள்: நாட்டு விதைகளோடு 7 வருடம்

ஏழு வருடத்துக்கு முன்னால் மூன்று விதை உறைகளோடு ஆரம்பித்தேன். ஒன்றில் பிராண்டிவைன் என்ற பழைய தக்காளி. இன்னொன்றில் பெயரே இல்லாத நாட்டு மிளகாய். மூன்றாவதில் கறுப்பு, வெள்ளை, பழுப்பு, புள்ளி போட்டது என்று பல நிறம் கலந்த பீன்ஸ். அன்று முதல் இந்த மூன்றுக்கும் வெளியே விதை வாங்காமல், ஒரு பருவம் தவிர, நானே எடுத்த விதையைத்தான் போட்டு வருகிறேன். ஒரு பருவம் வளர்த்துவிட்டு எழுதப்படும் அனுபவங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் தவறில்லை. ஆனால் நாட்டு விதையின் குணம் மூன்றாவது, நான்காவது தலைமுறையில்தான் தெரியவருகிறது. அதனால்தான் இவ்வளவு காத்திருந்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். என் பெரிய தவறே அங்கேதான் தொடங்கியது. பாரம்பரிய ரகம் என்று பெயர் போட்டு வருவது பெரும்பாலும் ஒரு குடும்பமோ தோட்டக்காரரோ பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து நிலைப்படுத்தியது. எல்லாச் செடியும் ஒரே சாயலில் வரும். நாட்டு ரகம் அப்படி இல்லை. ஒரு பகுதியின் மண்ணும் மழையும் பூச்சியும், அங்கே விதை எடுத்து வைத்தவர்களின் கையும் சேர்ந்து உருவாக்கிய கூட்டம் அது. ஒரு செடி உயரும், பக்கத்துச் செடி குட்டையாக நிற்கும். ஒன்று முந்திக் காய்க்கும், ஒன்று பிந்தும். அந்த வித்தியாசம் விதையின் குறை இல்லை, அதுதான் அந்த ரகம்.

இது எனக்கு அப்போது தெரியாது. குழித்தட்டில் மிளகாய் முளைத்தபோது பாதி நாற்றுகளின் தண்டு பச்சை, சிலவற்றின் தண்டு ஊதா. இலையிலும் அகலம், நீளம் என்று ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. விதையில் கலப்படம் என்று முடிவு செய்து, ஊதாத் தண்டு நாற்றுகளை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். மிச்சமிருந்த செடிகளில் அதிகம் காய்த்த ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த பருவத்துக்கான விதை முழுவதையும் அதிலிருந்து எடுத்தேன். இரண்டாம் வருடம் பார்க்க மிக அழகாக இருந்தது. எல்லாச் செடியும் ஒரே உயரம், எல்லாக் காயும் ஒரே நீளம். நான் ரகத்தைச் சீராக்கிவிட்டதாக நம்பினேன்.

மூன்றாம் வருடம் வெள்ளை ஈ வந்தது. அது பரப்பும் வைரஸால் இலைச்சுருள் நோய் பிடித்து, மூன்று வாரத்தில் பதினாறு செடியும் குறுகிப்போயின. ஒன்று கூடத் தப்பவில்லை. (இலை சுருண்டாலே வைரஸ் என்று செடியைப் பிடுங்க வேண்டாம். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனாகவும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனாகவும் இருக்கலாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.)

நல்லவேளையாக முதல் உறையில் பாதி விதை குளிர்பதனப் பெட்டியில் அப்படியே இருந்தது. நான்காம் வருடம் அதைப் போட்டேன். இருபது விதையில் ஒன்பது முளைத்தன. அந்த வருடமும் வெள்ளை ஈ வந்தது, இலையும் சுருண்டது. ஆனால் ஒன்பதில் மூன்று செடிகள் லேசாகச் சுருண்டு, மறுபடி துளிர்த்துக் காய்த்தன. அந்த மூன்றில் இரண்டுக்கு ஊதாத் தண்டு. ஊதா நிறத்துக்கும் நோயைத் தாங்குவதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லவில்லை, மூன்று செடியை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. எனக்குப் புரிந்தது வேறு. நான் முதல் வருடம் எறிந்தது களையை அல்ல, அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியை.

அன்றிலிருந்து மிளகாய்க்குக் குறைந்தது இருபது செடி வைக்கிறேன். நன்றாகக் காய்த்த செடிக்கு அதிகப் பங்கு தராமல், ஒவ்வொரு செடியிலிருந்தும் இரண்டு பழம் எடுத்து விதையை ஒன்றாகக் கலக்கிறேன். தீராத நோய் பிடித்ததை மட்டும் விட்டுவிடுவேன். தக்காளிக்கு ஆறு செடி போதும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் அது. மக்காச்சோளம் இதற்கு நேரெதிர். காற்றில் மகரந்தம் பறக்கும், சில செடிகளில் மட்டும் விதை எடுத்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பயிர் நோஞ்சானாகிவிடும். நூறு செடிக்கு மேல் வைக்க இடம் இல்லாதவர்கள் அதன் விதையைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பீன்ஸ் இன்னொரு பாடம் சொன்னது. அதில் நான் எதையும் பிடுங்கவில்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனாலும் நான்காம் வருடம் கையில் அள்ளிப் பார்த்தால் முக்கால்வாசி கறுப்பு. கறுப்பு விதைச் செடிகள் முந்திக் காய்ந்தன, நான் முதலில் காய்ந்த நெற்றுகளையே விதைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் காரணம். இப்போது விதைப்பதற்கு முன்னால் நிறம் நிறமாகப் பிரித்து எண்ணி, சமமாகப் போடுகிறேன்.

இனி தக்காளி. பிராண்டிவைன் சுவைக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. நாற்று நட்டு முதல் பழம் பறிக்க 80 முதல் 100 நாள். ஒரு செடியில் எனக்கு இரண்டு கிலோ தாண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பருவம் பக்கத்தில் வைத்த வீரிய ஒட்டு ரகம் அதே அளவு தொட்டியில் நான்கு கிலோவுக்கு மேல் தந்தது. வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் எதிர்ப்புச் சக்தி சேர்த்துத்தான் புதிய ஒட்டு ரகங்களில் பலவற்றை உருவாக்குகிறார்கள். பழைய ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. மழை பெய்த மறுநாள் பழம் காம்பைச் சுற்றி வெடிக்கும். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் பூ உதிரும். நாற்றுவிடும் தேதியைத் தள்ளி வைப்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஆனால் அந்தச் சுவை வெறும் ஏக்கமோ கற்பனையோ இல்லை. பழைய தக்காளி பலவற்றில் காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்ததில், அந்தக் கரும்பச்சை இல்லாத ரகங்கள் பரவின. 2012இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் பின்னணியைக் காட்டியது. ஜிஎல்கே2 என்ற மரபணு அவற்றில் செயலிழந்திருக்கிறது. காயிலேயே பச்சையம் பெருகி சர்க்கரை சேர உதவுவது அந்த மரபணுதான். சீரான நிறத்தைத் தேடியபோது இனிப்பில் ஒரு பங்கு கழன்றுபோயிருக்கிறது. நான் மிளகாயில் செய்ததும் அதே வேலைதான்.

கலப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூச்சிகள் மிளகாயை மிகச் சுலபமாகக் கலந்துவிடும். ஐந்தாம் வருடம் ஒரு அலங்கார மிளகாய்ச் செடியைப் பக்கத்துத் தொட்டியில் வைத்தேன். அந்த வருடம் காயில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது, காய் தாய்ச்செடியின் உடல், கலப்பு உள்ளே விதையில்தான் இருக்கும். அடுத்த பருவம் கால்வாசிச் செடிகளில் காய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. இப்போது மொட்டு விரிவதற்கு முன்பே கிளைக்கு மெல்லிய வலைப் பை கட்டி, தினமும் காலையில் லேசாக ஆட்டிவிடுகிறேன். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கிறேன். ஒரு செடிக்கு இரண்டு நிமிட வேலை.

தக்காளி பெரும்பாலும் கலக்காது. ஆனால் பிராண்டிவைன் மாதிரி பெரிய பழ ரகங்களில் சில பூக்களில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே கலப்பு நடக்கும். இதைக் கண்டுபிடிக்க அந்த ரகமே ஒரு வழி தருகிறது. உருளைக்கிழங்கு இலை போன்ற அதன் அகன்ற இலை ஒடுங்கு பண்பு, அதாவது சாதாரண இலையோடு கலந்தால் மறைந்துவிடும். சாதாரண இலைத் தக்காளியோடு கலந்திருந்தால் நாற்றிலேயே இலையோரம் பல் பல்லாக வந்துவிடும். அப்படி வந்தவற்றை நாற்றங்காலிலேயே தனியே எடுத்துவிடலாம். நாற்றைப் பிடுங்குவதில் நான் தயங்காத ஒரே இடம் இதுதான்.

பூசணி, சுரைக்காய் இனங்களில் ஒரு எச்சரிக்கை. அலங்காரச் சுரையோடு கலந்த சீமைச் சுரைக்காயில் (சுக்கினி) குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு உருவாகலாம். சமைத்தாலும் அது போகாது. வீட்டு விதையில் வந்த காய் கசந்தால் துப்பிவிட்டு, செடியையும் அகற்றிவிடுங்கள்.

விதை எடுப்பதில் தக்காளிக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கூழோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு அலசினால், முளைப்பைத் தடுக்கும் வழவழப்பு உறை போய்விடும். விதை வழியாக வரும் நோய்க்கு 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைப்பது பலன் தருகிறது. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், பழைய விதைக்கும் வேண்டாம், முளைப்புத்திறன் போய்விடும். கத்தரியில் காய் மஞ்சளாகிச் செடியிலேயே தளரும்வரை விட வேண்டும்.

சேமிப்பில் ஒரு வருடம் முழுக்க இழந்தேன். மேலே காய்ந்தது போலத் தெரிந்த பீன்ஸை மூடி இறுக்கிய கண்ணாடி ஜாடியில் போட்டேன், உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதை நம்பலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள். வெங்காய விதை அப்படி வைக்காவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும், தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும்.

அந்தப் பூஞ்சை ஜாடியைக் கொட்டிய நாளில் ரஷ்யத் தாவர விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ் திரட்டிய விதைகளைப் பற்றி நினைத்தேன். உலகமெங்கும் போய் நாட்டு ரகங்களைச் சேர்த்த அவர் 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1941 முதல் 1944 வரை இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, அங்கே அவருடைய விதைகளை வைத்திருந்த நிலையத்து ஆய்வாளர்கள் பலர் அந்த விதைகளைத் தின்னாமல் பட்டினியில் உயிர்விட்டார்கள். நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டவர் நெல் பொட்டலங்களுக்கு நடுவே இறந்தார். அவர்கள் காத்ததும் ஒரு சிறந்த செடியை அல்ல. ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஆயிரக்கணக்கான மாதிரிகளை.

இந்தப் பருவம் மிளகாய் இருபத்து நான்கு செடி. ஐந்துக்கு ஊதாத் தண்டு. வலைப் பை கட்டிய கிளைகளில் பிஞ்சு பிடித்திருக்கிறது, நூலும் கட்டியாயிற்று. குட்டையாக, எல்லாவற்றுக்கும் பின்னால் பூத்த ஒரு செடியில் இதுவரை மூன்றே காய். அதிலும் இரண்டு விதைக்கு.