கலர்செக்கர் பாஸ்போர்ட் ஃபோட்டோ 2: தெருமுனை ஸ்டுடியோவுக்குத் தேவையா?

2020இல் பிபிசி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களை பிரிட்டிஷ் அரசின் இணையவழி பாஸ்போர்ட் படச் சோதனையில் ஏற்றிப் பார்த்தது. கருநிறப் பெண்களின் படங்களில் 22 சதவீதம் ‘தரம் போதாது’ என்று வந்தது. வெள்ளை நிறப் பெண்களுக்கு 14. ஆண்களில் கருநிறத்தவருக்கு 15, வெள்ளை நிறத்தவருக்கு 9. அந்த மென்பொருளைத் திருத்துவது பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைக்காரர் கையில் இல்லை. அதற்குள் போகும் படம் அவர் கையில்தான். லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் மாதிரியான இடங்களில் எல்லா நிறத்தவரும் வந்து உட்காருவது அதே நாற்காலியில், அதே விளக்குகளுக்கு முன்னால். அந்தக் கடைகளை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

கேலிப்ரைட் நிறுவனத்தின் இந்தப் பொருள், கேமராவில் நிறம் சரியாக விழ உதவும் அட்டைகள் கொண்ட கையடக்கமான மடிப்புப் பெட்டி. பெயரில் பாஸ்போர்ட் இருந்தாலும் பாஸ்போர்ட் படத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. உள்ளே நான்கு அட்டைகள். முக்கியமானது 24 நிறக் கட்டங்கள் கொண்டது. 1976இல் மெக்பெத் நிறுவனம் வெளியிட்ட அட்டையின் வாரிசு. முதல் கட்டம் கருந்தோல், இரண்டாவது வெளிர்தோல். உலகத்து மனிதர்களுக்கெல்லாம் இரண்டே கட்டமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை மட்டும் வைத்து அச்சு நிறத்தைச் சரிபார்த்த கோடக்கின் ‘ஷெர்லி’ அட்டைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

முகம் வரும் இடத்தில் அட்டையை கேமராவைப் பார்த்து நேராகப் பிடித்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) ஒரு படம் எடுக்க வேண்டும். அட்டை சட்டகத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். கூடவே வரும் மென்பொருள் அதிலிருந்து உங்கள் கேமராவுக்கும் விளக்குக்கும் பொருந்தும் ப்ரொஃபைல், அதாவது நிறத்தைத் திருத்தும் கோப்பு, செய்து தரும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமை மூடித் திறந்தால் பட்டியலில் தெரியும். வெள்ளைக் கட்டம் வெளிச்சம் மிகுந்து வெடித்திருந்தால் ப்ரொஃபைல் உருவாகாது, எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுங்கள். வாடிக்கையாளருக்கு ஒருமுறை என்று செய்யத் தேவையில்லை. விளக்கையோ கேமராவையோ மாற்றும்போது செய்தால் போதும்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. சாம்பல் பூத்தது போலவோ செங்கல் நிறத்திலோ விழும் கருந்தோல் அதன் சொந்த நிறத்துக்கு வருகிறது. ஆனால் மலிவான எல்இடி பேனலில் சிவப்பு அலைகள் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை எந்த அட்டையும் கொண்டுவராது. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் உள்ள விளக்கு வாங்கி, கூரை ட்யூப்லைட்டை அணைத்த பிறகு அட்டையை எடுங்கள்.

இனி, நிற அட்டை தொடவே தொடாத சிக்கல். படம் நிராகரிக்கப்படுவதில் பெரும்பங்கு நிறத்தால் அல்ல, வெளிச்சத்தால் என்பதே எங்கள் கணிப்பு. பின்னணி வெளிர் சாம்பல் அல்லது க்ரீம். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த வெளிச்சப் பரப்பை நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது, முகம் இருண்டு போகிறது. கருத்த முகத்தில் உதட்டுக்கோடு, இமை, தாடைவிளிம்பு எல்லாம் நிழலோடு கலந்தால் கண் திறந்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா என்று மென்பொருள் தடுமாறும். பெட்டியிலேயே உள்ள 18 சதவீதச் சாம்பல் அட்டையை முக இடத்தில் வைத்து வெளிச்சத்தை அளந்து மேனுவலில் பூட்டுங்கள். பிறகு வெடிக்காத அளவுக்கு, கருத்த முகத்துக்கு எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வரை கூட்டலாம். சிறிய ஃப்ளாஷை நேராக அடிக்காதீர்கள்: நெற்றியும் மூக்கும் பளிச்சென்று வெள்ளைத் திட்டாகும், கண்குழி அப்படியே இருட்டாக இருக்கும். ஒளியை மென்மையாக்கும் 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, மோவாய்க்குக் கீழே வெள்ளை தெர்மோகோல், நாற்காலிக்கும் பின்னணிக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி. இவ்வளவுதான் செலவு.

‘ஸ்கின் பிரைட்’ மாதிரி தானாகத் தோலை வெளுக்கும் வசதி ஆன் செய்யப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். மென்பொருளால் திருத்திய படத்தை பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்காது. முகத்தை வெளுத்துக் கொடுப்பது சேவையும் அல்ல.

அமைப்பு சரியா என்று பார்க்க, கடைக்குத் தெரிந்தவர்களில் மிகக் கருத்த ஒருவரையும் மிக வெளுத்த ஒருவரையும் ஒரே அமைப்பில் எடுத்து, 35க்கு 45 மி.மீ. அளவில் அச்சிட்டு அருகருகே வையுங்கள். கழுத்திலிருந்து தாடை பிரிந்து தெரிகிறதா? கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா? திரையில் தெரிந்து அச்சில் மறைந்தால் குற்றவாளி பிரிண்டர். சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் டை சப்லிமேஷன் எந்திரங்களில் அடர்நிறங்கள் ஒன்றாக அப்பிக்கொள்வது உண்டு. நிராகரிக்கப்பட்ட படத்தை இலவசமாகவே திரும்ப எடுத்துத் தாருங்கள். சோதனை யாரை அதிகம் திருப்பி அனுப்புகிறதோ அவர்களே இரண்டாவது முறையும் காசு கட்டுவது சரியில்லை.

விலை நூறு பவுண்டை ஒட்டி வருகிறது. குடும்பப் படம், கல்யாணப் படம் என்று ரா கோப்பில் வேலை செய்யும் கடை தயங்காமல் வாங்கலாம். ஜேபெக்கில் எடுத்து ஐந்து நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் கடைக்கு ப்ரொஃபைலால் பயனில்லை. சில பவுண்டுக்குக் கிடைக்கும் சாம்பல் அட்டையும் நல்ல விளக்கும் வாங்கிக்கொள்ளட்டும். வாங்குபவர்கள் கட்டங்களை விரலால் தொடாமல், வெயிலில் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் மெல்ல மங்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.