மூன்றரை லிட்டரிலிருந்து ஆறு லிட்டருக்கு: எங்கள் வீட்டு ஸ்லோ குக்கர்

ஆட்டுக்கால் வாங்கிய நாளில் எங்கள் வீட்டு பிரஷர் குக்கர் பத்துப் பன்னிரண்டு விசில் அடிக்கும். அத்தனை விசிலுக்குப் பிறகும் ஒரு கால் குழைந்திருக்கும், இன்னொன்று ரப்பர் மாதிரி நிற்கும். தங்கை இரண்டாவது பிரசவத்துக்குக் கீழக்கரைக்கு வந்தபோது அவளுக்கு நாள் தவறாமல் சூப் வேண்டியிருந்தது. நான் எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். உம்மாவுக்கு மணிக்கட்டில் வலி. பிரஷர் குக்கரின் மூடியைத் திறக்க அவருக்குப் பலமில்லை. அந்த மாதம்தான், பீங்கான் பானையில் போட்டதை மின்சாரத்தின் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தது. முதலாவதை வாங்கும்போது நான் பார்க்கத் தவறியவற்றை எல்லாம் இரண்டாவதுக்குப் பார்த்து வாங்கினேன்.

முதலாவது மூன்றரை லிட்டர். வாங்கிய 2021இல் வீட்டில் நானும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான். அளவு கச்சிதமாக இருந்தது. பிறகு மூன்றாவது பிள்ளை பிறந்தான். மூத்தவனுக்குப் பதினான்கு வயதாகி, இரண்டு ஆள் சோற்றை ஒரே ஆளாகச் சாப்பிடத் தொடங்கினான். இப்போது தங்கையும் அவளுடைய ஐந்து வயது மகனும் சேர்ந்து ஏழு பேர் சாப்பிடுகிறோம். கைக்குழந்தை தனி. அவளுடைய கணவரும் என் கணவரும் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தால் ஒன்பது. மூன்றரை லிட்டரில் ஏழு பேருக்கு ஆணம் (குழம்பு) வைத்தால் மூடி வரை தளும்பும்; நடுவில் இருக்கும் கறித்துண்டு வேகவே வேகாது.

அளவில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இந்தப் பானை பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேற்படாமல் நிறைந்திருந்தால்தான் ஒழுங்காகச் சமைக்கும். எங்கள் தெருவில் ஒரு லாத்தா (அக்கா) வீட்டில் நாலு பேர். பெருநாளுக்கு உதவும் என்று எட்டு லிட்டர் வாங்கிவிட்டார். அன்றாடச் சமையல் அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் நிற்கிறது. ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் என்றைக்கோ ஒரு நாள் கூடும் கூட்டத்தை நினைத்து வாங்கக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள் என்ன சமைக்கிறீர்களோ, அதை அளந்து பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டு வழக்கமான ஒரு கிலோ எலும்புக்கறி, வெங்காயம், தக்காளி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்று லிட்டர் வரும். ஆறு லிட்டர் பானைக்கு அது சரிபாதி. விருந்தாள் வந்தால் நாலரை லிட்டர் வரை போகலாம். பெருநாளுக்கு எப்படியும் சட்டியும் விறகடுப்பும்தான்.

வட்டமா, நீள்வட்டமா என்று கேட்டால், நீள்வட்டம் என்பேன். முழுக் கோழி மடங்காமல் படுக்கும். ஆட்டுக்காலை நீளமாக அடுக்கலாம்.

அடுத்தது பானை. சூடு ஏற்றும் அடிப்பகுதி எல்லாக் கருவியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளே உட்காரும் பீங்கான் பானைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். என் முதல் பானை பதினான்காவது மாதத்தில் விரிசல் விட்டது. கறியை எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நூல் விழுவது போல் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். பீங்கானுக்குச் சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று மாறுவது ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்த பானையை அப்படியே எடுத்துச் சூட்டில் ஏற்றுவதும் அதே ஆபத்துதான். பானையை மட்டும் தனியாகக் கேட்டபோது, விற்றவர்கள் அப்படிக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நல்ல நிலையில் இருந்த அடிப்பகுதி பரணுக்குப் போனது. ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: பானை தனியாகக் கிடைக்குமா, மூடி தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஆறு லிட்டர் பீங்கான் பானை காலியாக இருக்கும்போதே கனம். கைப்பிடி பானையோடு சேர்ந்து அகலமாக, நாலு விரலும் உள்ளே நுழையும்படி இருக்கிறதா என்று பாருங்கள். உம்மா பானையைத் தூக்குவதே இல்லை. மூடியைத் திறந்து அகப்பையால் அள்ளிக்கொள்கிறார். பிரஷர் குக்கரில் முடியாத அந்த ஒரு காரியத்தை இதில் யார் உதவியும் இல்லாமல் செய்கிறார் என்பதற்காகவே எனக்கு இந்தக் கருவியின் மேல் பிரியம்.

பொத்தான் வைத்த டிஜிட்டல் வகையா, திருகு வைத்த சாதா வகையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் கடற்கரையில் காற்று அடித்தால் மின்சாரம் போகும். டிஜிட்டல் வகையில் பலவும் மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. மதியம் திறந்தால் கறி அரைவேக்காட்டில் ஆறிக் கிடக்கும். திருகு வகை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று அது சொல்லாது. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான கணக்கு. நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் அந்த இரண்டாவது கணக்குதான். மின்சாரம் போனதும் உம்மா நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் நேரம் எழுதி வைப்பார். அரை மணிக்குள் வராவிட்டால் எல்லாவற்றையும் சட்டிக்கு மாற்றி அடுப்பில் ஏற்றிவிடுவார். வீட்டில் யாரும் இல்லாத நாளில் நான் இதை ஓடவிட்டுப் போவதில்லை.

துபாயிலிருந்து கொண்டுவரச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் மின்னழுத்தம் நம்முடையது போலத்தான், கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிளக்கில் பட்டையான மூன்று கால்கள் இருக்கும். அடாப்டர் போட்டு எட்டு மணி நேரம் ஓட்டினேன், தொட்டால் சுட்டது. எலக்ட்ரீஷியனை அழைத்து நம் ஊர் பிளக் மாற்றிய பிறகுதான் நிம்மதி. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் கட்டாயம் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் கருவி எரிந்துபோகும்.

எங்களுடையதில் 270 வாட் என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் முழுதாக இழுத்தாலும் 2.16 யூனிட். இலவச மின்சார வரம்புக்குள் நிற்கும் வீடுகள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட்டை நெருங்கிவிடும். செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமாவது அடுப்பருகே நிற்கும் நேரம்.

இனி சமையல். நோன்பு மாதத்தில்தான் இதன் அருமை முழுதாகத் தெரிந்தது. பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் வரும், அதன் ருசியே வேறு. ஆனால் பால் கொடுக்கும் தங்கைக்குக் கறி கூடுதலாகப் போட்ட கஞ்சி வேண்டும் என்று உம்மா சொன்னார். 400 கிராம் அரிசி நொய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், கால் கிலோ கொத்துக்கறி. வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் பட்டை கிராம்போடு வாணலியில் வதக்கி, கறியையும் அதிலேயே பிரட்டி, பச்சை வாசனை போன பிறகு பானைக்கு மாற்றுவேன். கொதிநீர் மூன்றரை லிட்டர். லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுததும் அதிக சூட்டில் வைத்தால் ஐந்தரை மணிக்கு மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். திறந்து அகப்பையை இறக்கினால், நொய்யும் பருப்பும் எது எதுவென்று தெரியாமல் கலந்து, அகப்பையின் பின்புறத்தில் மெல்லிய போர்வையாகப் படியும். அப்போதுதான் தேங்காய்ப்பால். முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். கடைசி அரை மணிக்குப் புதினாவும் பாலும். நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லும்போது கஞ்சி வாய்க்குப் பக்குவமான சூட்டில் இருக்கும். அந்த நாலரை மணி நேரமும் நோன்பு வைத்த யாரும் அடுப்பு முன்னால் வேர்த்து நிற்கவில்லை.

ஆட்டுக்காலுக்கு இரவு பத்து மணிக்குக் குறைந்த சூடு. சுபுஹு என்னும் விடியல் தொழுகைக்கு எழுந்தால் வீடெல்லாம் மிளகு வாசனை. எலும்பைத் தூக்கினால் தசை தானாகக் கழன்று கீழே நிற்கும். தசைநார் மெல்ல மெல்லக் கரைந்து சூப்பில் கலப்பதால் ஆறியதும் சூப் பசை போல உறையும். அவசரப்படுத்தினால் இது வராது.

சாதா ஆணத்துக்கு வைக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஆவி வெளியே போகாது. மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது நிமிடம் பின்னால் போகும். நம் குண்டு மிளகாயை முழுதாகப் போடாதீர்கள், எட்டு மணி நேரத்தில் காரம் முழுவதும் இறங்கிவிடும். கொண்டைக்கடலைக்கு எங்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகவே ஆகாது, நாள் முழுக்க வைத்தாலும் தோல் விறைத்தே நிற்கும். காவிரித் தண்ணீரில் வைத்தால் பூப்போல வேகும். ராஜ்மாவை மட்டும் நேராகப் போடவே கூடாது. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. மெல்லிய சூடு அதை அழிக்காது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பானைக்கு வரலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

மீனுக்கு இந்தக் கருவியே வேண்டாம். சீலாவும் விளைமீனும் கால் மணியில் வேகிற ஊரில் அதை ஏன் மணிக்கணக்கில் வைக்க வேண்டும்?

இதைக் கண்டுபிடித்த இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கருக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது. யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே பீன்ஸும் கறியும் போட்ட பானையைப் பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து மறுநாள் எடுப்பார்களாம். தம் தாய் சொன்ன அந்தப் பழக்கத்திலிருந்துதான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது. உம்மாவிடம் சொன்னேன். "இதைத்தானே என் உம்மா தணலில் சட்டியைப் புதைத்து வைத்துச் செய்வார்" என்றார். அன்றிலிருந்து இந்தக் கருவிக்கு எங்கள் வீட்டில் தணல் சட்டி என்றே பெயர்.

குறையும் உண்டு. உப்புக் காற்றில் அடிப்பகுதியின் கால் பக்கம் ஒரு வருடத்திலேயே துரு பிடித்தது. பெயின்ட் அடித்த தகட்டைவிட எவர்சில்வர் உறை மேல். சமைத்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, பழைய சேலைத்துணி போட்டு மூடி வைக்கிறேன்.

தங்கை அடுத்த மாதம் சென்னைக்குத் திரும்புகிறாள். "லாத்தா, எனக்கும் ஆறு லிட்டரே வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய கணவர் விடுமுறையில் வந்தாலும் அவர்கள் அங்கே மூன்று பேரும் ஒரு கைக்குழந்தையும்தான். மூன்றரை லிட்டர் போதும், பானை தனியாகக் கிடைக்கும் கடையாகப் பார் என்றேன். என் கணவர் அடுத்த விடுமுறைக்கு உபரியாக ஒரு கண்ணாடி மூடி கொண்டுவருகிறார்.