ப்ளீட்ஸ் ப்ளீஸா, 132 5.-ஆ? அன்றாட உடைக்கு எது தாங்கும்

இரண்டுமே ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கேயின் மடிப்பு உடை வரிசைகள், இரண்டுமே பாலியஸ்டர். ப்ளீட்ஸ் ப்ளீஸ் 1993-இல் வந்தது, 132 5. 2010-இல். விலையில் இரண்டும் கையைக் கடிக்கும், அதைப் பேசிப் பயனில்லை. அடிக்கடி போட ஒன்று என்றால் என் ஓட்டு ப்ளீட்ஸ் ப்ளீஸுக்கு. பராமரிப்புதான் காரணம்.

வழக்கமாகத் துணியை மடித்துவிட்டு அப்புறம் தைப்பார்கள். ப்ளீட்ஸ் ப்ளீஸில் தலைகீழ். இறுதி அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து, முழு உடையையும் காகிதங்களுக்கு நடுவே வைத்து மடிப்பு இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். சூட்டில் பாலியஸ்டர் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. தையலும் கூடவே மடிந்துவிடுவதால் உடம்போடு சேர்ந்து விரிகிறது.

132 5. வேறு கணக்கு. கணினி அறிவியலாளர் ஜுன் மிதானியின் மடிப்பு ஆய்வை ஒட்டி உருவான வடிவங்கள் அவை. தரையில் தட்டையாகக் கிடக்கும் பலகோணத்தைத் தூக்கினால் பாவாடையாக எழும். அசத்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் மடிப்புக் கோடுகள் குறைவு, வடிவத்தைத் தாங்குவதே அவைதான். ஒரு கோடு தளர்ந்தாலும் அந்தப் பக்கம் தொய்யும். துவைத்தபின் பழைய கோட்டிலேயே, அதே வரிசையில் மடித்து வைக்க வேண்டும். அரை விரல் தள்ளி மடித்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்து கண்ணை உறுத்தும். ப்ளீட்ஸ் ப்ளீஸில் நெருக்கமாக அத்தனை மடிப்புகள் இருப்பதால், உட்காரும் இடத்தில் சில தட்டையானாலும் சட்டென்று தெரியாது. (என் கைப்பழக்கம் இதில்தான் அதிகம், அந்தச் சாய்வையும் கணக்கில் வையுங்கள்.)

ப்ளீட்ஸ் ப்ளீஸை வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் துவைத்தால் போதும். மடிப்புகளை நீளவாக்கில் கையால் ஒன்றுசேர்த்து நிழலில் உலர்த்துங்கள். அலமாரியில் சுருட்டி வையுங்கள், ஹேங்கரில் மாட்டினால் தோளில் புடைப்பு விழும். டிரையரும் இஸ்திரிப்பெட்டியும் பக்கத்திலேயே வரக்கூடாது. பாலியஸ்டர் 70–80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், இஸ்திரிப்பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். போன மடிப்பை வீட்டில் மீட்க முடியாது.

ஆல்டரேஷன் பற்றி ஒரு வார்த்தை. நீளத்தைக் குறைக்கலாம், ஆனால் ஓரத்தை இழுத்துப்பிடித்துத் தைத்தால் அலை அலையாக விரிந்துவிடும். பக்கவாட்டில் பிடித்துத் தைக்கவே வேண்டாம். புதுத் தையல் விரிந்துகொடுக்காது, அந்த இடத்தில் மடிப்பும் நசுங்கும்.

எப்போதாவது ஒரு விழாவுக்கு என்றால் 132 5. வாங்கலாம். பெட்டியில் தட்டையாக அடங்கும். இடம் போதவில்லை என்று குறுக்கே மட்டும் மடித்துவிடாதீர்கள்.