தனி வகுப்பா, டபுள் புரமோஷனா, கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பா?

ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் பத்துப் பின்னக் கணக்குகள். மற்றவர்கள் மூன்றாவது கணக்கில் இருக்கும்போதே ஒரு சிறுமி முடித்துவிட்டுக் கையைத் தூக்குகிறாள். "சமர்த்து! இன்னும் பத்து தரேன், போடு" என்கிறார் ஆசிரியர். அடுத்த வாரத்துக்குள் அவள் மெதுவாகப் போடப் பழகிவிடுகிறாள். மீத்திறன் மாணவர்களுக்கான, அதாவது வயதுக்கு மீறிய திறமை உள்ள பிள்ளைகளுக்கான, எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இவளுடைய தினசரிக் கணக்குப் பீரியட் இதனால் மாறுமா?

பள்ளிகள் அதிகம் விரும்புவது, வாரத்தில் சில மணி நேரம் இந்தப் பிள்ளைகளைத் தனியாக அழைத்துப்போய்ப் புதிர், புராஜெக்ட், ரோபோ என்று நடத்தும் முறை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டைம்டேபிளும் பெரிதாகக் கலையாது. ஆனால் மற்ற நாட்களில் அதே பத்துக் கணக்குதான். சில இடங்களில் அந்த நேரத்தில் விட்டுப்போன பாடம் வீட்டுப்பாடமாக வந்து சேரும். இது பரிசா தண்டனையா? இன்னொன்று, நல்ல புதிரும் புராஜெக்டும் ஏன் சிலருக்கு மட்டும்? மீத்திறன் என்பது சராசரிக்கு மேற்பட்ட திறமை, படைப்பாற்றல், எடுத்ததை விடாத ஈடுபாடு மூன்றும் சேருமிடம் என்று 1978இல் எழுதிய அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி, ஆரம்பநிலைச் செறிவூட்டல் (வழக்கமான பாடத்துக்கு மேல் தரும் புது அனுபவங்கள்) எல்லா மாணவருக்கும் வேண்டும் என்றே தன் திட்டத்தை வகுத்தார்.

தனி வகுப்பில் தினமும் பாடம் மாறும், ஈடான தோழர்களும் கிடைப்பார்கள். சிங்கப்பூர் 1984இல் இப்படித் தொடங்கி, தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்பது வயதில் விழும் அந்தக் கோடு என்னை உறுத்துகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இரு பிள்ளைகளுக்குள் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடும்? 2024இல் அந்த நாடே பழைய வடிவத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் மீத்திறன் பிள்ளைகளுக்கான திட்டத்தை நடத்தப்போவதாக அறிவித்தது.

டபுள் புரமோஷனுக்குச் செலவே இல்லை. "பெரிய பிள்ளைகளோடு எப்படி ஒட்டும்?" என்ற பயம்தான் தடை. பல பத்தாண்டு ஆய்வுகள் அந்தப் பயத்தைப் பொதுவாக ஆதரிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்கே விருப்பமில்லை என்றாலோ, போகப்போகும் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தாலோ வேண்டாம்.

என் தேர்வு, தேறிய பாடத்தில் மட்டும் மேல் வகுப்பு. கணக்குக்கு ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, மொழிப்பாடத்துக்குத் தன் தோழிகளிடம் திரும்பி வரலாம். இதற்கு இரு வகுப்புகளின் கணக்குப் பீரியடும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். பல பள்ளிகளில் முயற்சி நின்றுபோவது இங்கேதான். எவ்வளவு மேலே அனுப்புவது என்பதற்கு வகுப்புத் தேர்வு உதவாது. நூறு வாங்கிய இருவரில் ஒருத்திக்கு அந்தப் பாடம் மட்டும் தெரியும், இன்னொருத்திக்கு அடுத்த இரண்டு வருடப் பாடமும் தெரிந்திருக்கும். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வில், கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தது இதற்காகத்தான்.

எந்த முறையானாலும் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதிக ஐ.க்யூ. உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் இடம் கிடைக்காத வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வாரெஸும் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். ஆசிரியரும் பெற்றோரும் சொல்லும் பெயர்களை மட்டும் நம்பாமல், அமெரிக்காவின் புளோரிடாவில் பிரோவர்ட் மாவட்டம் 2005இல் இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தபோது, தேர்வான ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அவர்கள் அதே வகுப்பறைகளில்தான் இருந்தார்கள். மெதுவாகப் போடப் பழகிவிட்ட அந்தச் சிறுமியின் பெயரையும் ஆசிரியர் சொல்லியிருக்க மாட்டார்.