வேப்பேரியில் ஆறு வெள்ளிக்கிழமைகள்: ரோமர் நிருப வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

வேப்பேரியில் உள்ள ஒரு பழைய திருச்சபை, லெந்து எனும் தவக்கால நாட்களுக்கு முன்பாக ஆறு வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வேதபாட வகுப்பை நடத்தியது. பாடம், வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 9, 10, 11 ஆகிய மூன்று அதிகாரங்கள் மட்டுமே. கட்டணம் 750 ரூபாய். அதில் ஒரு கையேடும், வாரந்தோறும் சுக்குக் காபியும் பருப்பு வடையும் அடக்கம். யூத மக்களைக் கடவுள் கைவிட்டுவிட்டாரா, அவர்களுக்கு இரட்சிப்பு உண்டா, உண்டென்றால் எந்த வழியாக என்ற கேள்விகளுக்காகவே ஒரு வகுப்பைச் சென்னையில் தமிழில் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பிறப்பால் நான் கத்தோலிக்கர். வாழ்க்கைப்பட்டது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில். நான் மீட்பு என்று சொல்லி வளர்ந்ததை இந்த வீட்டில் இரட்சிப்பு என்பார்கள். என்னுடைய இஸ்ரயேல் இங்கே இஸ்ரவேல். அத்தை ஒவ்வோர் இரவும் 122ஆம் சங்கீதத்தின்படி எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபித்த பிறகே படுப்பவர், எழுபதைக் கடந்த இந்த வயது வரை ஒரு யூதரையும் நேரில் பார்த்ததில்லை என்றாலும். அவருடைய ஜெபத்தின் பின்னே இருக்கும் இறையியல் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இருந்தது.

வகுப்பை நடத்தியவர் இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு போதகர். முதல் நாளில் முன்னுரை எதுவும் இல்லாமல் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை இருமுறை வாசித்தார். தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாக வேண்டுமென்றாலும் விரும்புவேன் என்று பவுல் சொல்லும் இடம் அது. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய ஜனத்துக்காக மோசே மன்றாடி, மன்னிக்காவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று சொன்னதன் எதிரொலி அதில் இருப்பதை அவர் காட்டியபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. மின்சார ரயிலில் கைப்பிரதியை நீட்டி, ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?’ என்று கேட்பவர்களை நாமெல்லாரும் சந்தித்திருக்கிறோம். இரட்சிப்பு என்பது அவரவர் கணக்குப் புத்தகத்தில் அவரவர் பெயரில் வரவு வைக்கப்படும் தொகை என்பதே அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம். தன் கணக்கையே அழித்துவிட்டுத் தன் ஜனத்தின் பெயரில் எழுதச் சொல்லும் ஒருவருடைய கடிதத்திலிருந்துதான் அந்தக் கைப்பிரதிகளின் வசனங்களில் பாதி எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரம் பக்தியைப் பற்றியது. யூதர்களுக்குத் தேவனைப் பற்றிய வைராக்கியம் உண்டு என்று பவுல் சாட்சி சொல்லி, அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல என்று உடனே சேர்த்துக்கொள்வது 10ஆம் அதிகாரத்தில் வருகிறது. நம் பிரசங்க மேடைகளில் இதன் பிற்பாதிதான் ஒலிக்கும். யாரையாவது வெளிவேடக்காரர் என்று திட்ட வேண்டுமானால் அக்கால யூத சமயப் பிரிவினர் ஒருவரைக் குறிக்கும் ‘பரிசேயன்’ என்ற ஒரு சொல்லே போதும். போதகரோ முற்பாதியிலேயே ஒரு மணி நேரம் நின்றார். அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்றுகொண்டு, ‘நான் பரிசேயன்’ என்று பவுல் நிகழ்காலத்தில் சொல்வதை வாசிக்க வைத்தார். பத்துக் கட்டளைகள் கட்டளையில் தொடங்காமல், எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினவர் நானே என்ற அறிவிப்பில் தொடங்குகின்றன என்பதையும், யூதர்கள் அந்த வாக்கியத்தையே முதலாவதாக எண்ணுகிறார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். விடுதலை முதலில், கட்டளை பிறகு. நற்செயல்களைச் சேர்த்துவைத்து விண்ணகத்தை விலைக்கு வாங்கும் மதம் என்று யூத மதத்தைச் சித்திரிப்பது தவறு என்றும், உடன்படிக்கைக்குள் கிருபையால் சேர்க்கப்பட்டவர்கள் அதில் நிலைத்திருக்கவே கட்டளைகளைக் கைக்கொண்டார்கள் என்றும் 1977இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் முன்வைத்த ஆய்வு, பவுலை வாசிக்கும் விதத்தையே மாற்றியது. அந்த ஆய்வை ஏற்காத அறிஞர்களும் உண்டு என்பதைப் போதகர் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய வாதம் என்ன என்பதையும் ஐந்து நிமிடமாவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் வரலாறு. பழைய ஏற்பாடே வேண்டாம் என்ற இரண்டாம் நூற்றாண்டு மார்சியோன், 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் யூதர்களைக் கடுமையாகத் தூற்றிப் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், 1523இல் யூதர்களிடம் அன்பாக நடந்துகொள்ளச் சொல்லிவிட்டு 1543இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்ன மார்ட்டின் லூத்தர் என்று வரிசையாகச் சென்றது. அமெரிக்காவின் பெரிய லுத்தரன் திருச்சபை 1994இல் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்த செய்தி கையேட்டில் அடிக்குறிப்பாக மட்டுமே இருந்தது. தகவல்கள் சரியானவை, ஆனால் ஓட்டமாக ஓடிய வகுப்பு.

நான்காம் வாரத்துக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். 11ஆம் அதிகாரத்து ஒலிவமர உவமையை வாசித்து முடித்ததும், பின்வரிசையில் அமர்ந்திருந்த, தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, ‘ஐயா, ஒட்டு இப்படிக் கட்ட மாட்டோமே?’ என்றார். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மாங்கன்றை அடியில் வைத்து, உயர்ந்த ரகத்தின் குச்சியை மேலே கட்டுவதுதான் நாற்றங்காலின் வழக்கம். வேர் எளியது, கனி உயர்ந்தது. பவுல் தலைகீழாகச் செய்கிறார்: நல்ல மரத்தின் வேரில் காட்டுக் கிளையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார். போதகர் கையேட்டை மூடிவைத்துவிட்டு அவரையே முன்னால் அழைத்தார். வடை கட்டி வந்த வாழைநாரையும் இரண்டு பென்சில்களையும் வைத்துக்கொண்டு, பட்டையைச் சீவும் கோணம், இரண்டு பச்சை அடுக்குகளும் உரசிப் பொருந்த வேண்டிய இடம், ஈரம் போகாமல் கட்டும் விதம் என்று பத்து நிமிடம் அந்தப் பெரியவர் விளக்கினார். பிறகுதான் போதகர் 24ஆம் வசனத்துக்கு வந்தார். ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ என்று பவுல் அங்கே தாமாகவே ஒப்புக்கொள்கிறார். இது வழக்கத்துக்கு மாறான ஒட்டு என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அதனால்தான் யூதரல்லாத புறஜாதியாராகிய நம்மைப் பார்த்து, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று எச்சரிக்க அவரால் முடிகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் சாய்ந்து, ‘அப்போ நாம்தாம்மா காட்டுமரம்?’ என்று கேட்டார்.

ஐந்தாம் வாரம் ஒரே ஒரு சொல்லில் நின்றது. ‘இந்தப்பிரகாரம் இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்’ என்பது 11:26இன் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘இவ்விதமாக’ என்று பொருள்படும். ‘அதற்குப் பிறகு’ என்று அதை வாசித்தால், கடைசி நாளில் நடக்கப்போகும் ஒரு நிகழ்ச்சியின் கால அட்டவணையாக வசனம் மாறிவிடுகிறது. இந்த இடத்தில் ‘பிரகாரம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களைப் போதகர் மனம்விட்டுப் பாராட்டினார், நானும் உடன்படுகிறேன். ‘இஸ்ரவேலரெல்லாரும்’ என்பது ஒட்டுமொத்த யூத ஜனமா, விசுவாசித்த மீதியானவர்களா, யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த சபையா என்ற மூன்று வாசிப்புகளையும் நிதானமாக எடை போட்டார்.

என் பங்குக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை என்ன என்று கேட்டேன். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லார் மீதோ இன்றைய யூதர் மீதோ பழி சுமத்தக் கூடாது என்று சொன்னதையும், 2015இல் வத்திக்கான் ஆணையம் ஒன்று வெளியிட்ட ஆவணத்தின் தலைப்பே, தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்னும் 11:29இலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அவர் தயக்கமின்றி விளக்கினார். யூதர்களை நோக்கி அமைப்புரீதியான மறைபரப்புப் பணியைக் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை என்று அந்த ஆவணம் சொல்கிறது. அதே சமயம் கிறிஸ்துவுக்கு வெளியே இரண்டாவது மீட்புப் பாதை ஒன்று இருப்பதாகவும் அது ஏற்கவில்லை. இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று ஒரு கல்லூரி மாணவர் மடக்கினார். அது தேவனுடைய மறைபொருள் என்று ஆவணமே சொல்லி நிறுத்துகிறது, பவுலும் விளக்கத்தைத் தொடராமல் துதியில்தான் முடிக்கிறார் என்பதே பதிலாகக் கிடைத்தது. மாணவருக்குத் திருப்தி இல்லை. எனக்குப் பாதித் திருப்தி.

ஆறாம் வாரம் ஏமாற்றம். 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த, மீட்பின் வரலாற்றைத் தனித்தனி யுகங்களாகப் பிரித்து வாசிக்கும் யுகங்களின் இறையியல், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியே பரவி, 1948இல் இஸ்ரேல் நாடு உருவானதும் தீர்க்கதரிசனக் கடிகாரமாக மாறிய கதைதான் இன்று நம் பல சபைகளில் காணும் தாவீதின் நட்சத்திரக் கொடிகளுக்கும் கொம்பு எக்காளங்களுக்கும் வேர். விரிவாகப் பேச வேண்டிய இந்தப் பகுதி சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சிக்காக முப்பது நிமிடமாகச் சுருக்கப்பட்டது. வேதத்தின் இஸ்ரவேல், இன்று உலகெங்கும் வாழும் யூத மக்கள், ஒரு நவீன அரசு ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் வாய்ப்பு கைநழுவியது. அந்த மண்ணின் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. யூத மக்களைப் பற்றி ஆறு வாரம் பேசியவர்கள், அவர்கள் வாழ்ந்த இதே ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்களின் நினைவாகத்தான், மண்டபத்திலிருந்து சிறிது தொலைவிலேயே ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த மன்ற உறுப்பினர்களில், யூதர்களும் இருந்தார்கள். மரபின்படி சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்ட தோமாவும் ஒரு யூதரே. ஒரு சனிக்கிழமை காலை எல்லாரையும் ஜார்ஜ் டவுனுக்கு நடத்திக் கூட்டிப்போயிருந்தால் கையேட்டின் பத்துப் பக்கங்களை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

கையேட்டில் எழுத்துப்பிழைகள் ஏராளம். ‘ஒலிவமரம்’ ஓரிடத்தில் ‘ஒலிமரம்’ ஆகியிருக்கிறது. மண்டபத்தின் மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது, முன்னால் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. அடுத்த ஆண்டும் நடத்துகிறார்களாம். ஐந்து வாரங்களின் தரத்துக்காக நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், அத்தை ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் ஒரே ஒரு வேண்டுகோளை எழுதினேன். ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் ஒரு யூதர் எப்போதாவது விருந்தினராக வந்து பேச இசைந்தாலும், வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்த பிறகு அவரால் பயணம் செய்து இந்த வகுப்புக்கு வர முடியாது. ஆகவே வேறு நாளுக்கு மாற்றலாமே என்று கேட்டிருந்தேன். படிவத்தை வாங்கிப் படித்த செயலாளர் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். செவ்வாயும் வியாழனும் பாடகர் குழுவுக்காம், புதன் பெண்கள் ஐக்கியமாம், திங்கட்கிழமை போதகருக்கு விடுமுறையாம்.