கனோவுக்கு மின்பம்பி பூட்டித் தருவதாகச் சொல்லி 640 டொலரை வாங்கிக்கொண்ட கடை: ஓர் எச்சரிக்கை

ஒன்ராறியோவில் சீறிப்பாயும் ஆறுகளில் கனோ ஓட்டுகிறவர்களும், இந்தப் பருவத்தில் ஓட்டத் தொடங்க நினைப்பவர்களும், படகுக்குள் சேரும் நீரை இறைக்கும் மின்பம்பிக்காகப் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை முழுமையாக வாசியுங்கள். கனோக்களையும் கயாக்குகளையும் விற்று, அவற்றுக்கு வேண்டிய உபகரணங்களைத் தமது பட்டறையிலேயே பூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு கடையில் நான் 640 டொலர் கொடுத்தேன். அந்த 640 டொலரில் ஒரு சதமேனும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பம்பியை எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பூட்டுவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பம்பி ஆடம்பரப் பொருள் அல்ல. ஆற்றுக் கனோவின் முன்னும் பின்னும் காற்றுப்பைகளைக் கட்டியிருப்போம். நடுவில் நுரைப்பீடத்தில் முழங்காலிட்டு அமரும் இடம் மட்டும் திறந்திருக்கும். ஒரு பெரிய அலை உள்ளே ஏறினால் அந்த இடைவெளியிலேயே நூறு லீற்றர் அளவுக்குத் தண்ணீர் நின்றுவிடும். நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் நாம் சாயும் பக்கமெல்லாம் சேர்ந்து சாயும் பாரம். அதைக் கையால் இறைப்பதென்றால் துடுப்பைக் கீழே வைக்க வேண்டும், அல்லது கரைக்குப் போய்ப் படகைக் கவிழ்க்க வேண்டும். கரையே இல்லாத பாறைப் பகுதியில், ஒரு பெரும் பாறைக்குப் பின்னால் நீர் சற்று அமைதியாக நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்று, ஒரு சுவிச்சைத் தட்டி நீரை வெளியேற்றுவதற்காகத்தான் 12 வோல்ட் பம்பியைப் பூட்டுகிறோம். இது வேலை செய்யாவிட்டால் அடுத்த இறக்கத்தில் படகு நம் சொல் கேட்காது.

கடையில் என்னோடு கதைத்தவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். என் கனோ எந்தப் பொருளால் ஆனது என்று அவரே கேட்டார். கனோ செய்யப் பயன்பட்ட றோயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் உற்பத்தி 2014 இல் நின்றுபோனதையும், அதன் பிறகு கியூபெக்கில் உருவான டி-ஃபோர்மெக்ஸ் என்ற மாற்றுப் பொருள் எப்படி ஒட்டுப்பசையை ஏற்கும் என்பதையும் அவர் விளக்கியபோது, தொழில் தெரிந்த ஒருவரிடம்தான் வந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. வாகனத்தின் மேலிருந்த என் படகை இறக்கச் சொல்லி, தானே முழங்காலிட்டு, பீடத்துக்குப் பின்னால் உள்ள இடத்தை அளந்தார். "நானும் இதே மாதிரிப் படகுதான் ஓட்டுகிறேன். மணிக்கு 1100 கலன் இறைக்கும் பம்பியைப் போட்டுத் தருகிறேன். இரண்டு நிமிடத்தில் படகு காலியாகிவிடும். என் படகில் பூட்டியிருப்பதைப் போலவே உங்களுக்கும் பூட்டுவேன்" என்றார். ஒருவர் தன் சொந்தப் படகைச் சாட்சிக்கு வைத்துப் பேசும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? பம்பி, பற்றரி, ஈரம் புகாத பெட்டி, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 640 டொலர் என்றார். கடன் அட்டையில் கொடுத்தால் அவர்களுக்குக் கட்டணம் பிடிக்கிறார்கள், வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினால் விலையைச் சற்றுக் குறைக்கலாம், குறைத்த விலைதான் இது என்றார். முழுத் தொகையையும் அன்றே அனுப்பினேன். படகைத் திரும்ப எடுக்கப் போனபோது சுவிச்சைத் தட்டிக் காட்டினார், மோட்டர் இரைந்தது. தண்ணீரில் பரிசோதித்தீர்களா என்று கேட்டேன். தமது தொட்டியில் பார்த்தாகிவிட்டது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மே மாதத்தில் மடவாஸ்கா ஆற்றில், பாமர் றப்பிட்ஸ் பகுதியில் அது என்ன வேலை செய்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனி உருகிய தண்ணீர். கையை நனைத்தாலே எலும்பு வரை குத்தும் குளிர். முதல் அலையில் உள்ளே நீர் ஏறியதும் சுவிச்சைத் தட்டினேன். மோட்டர் இரைந்தது, குழாயின் வாயிலிருந்து விரல் தடிப்பில் மெல்லிய நீர் வழிந்தது, சற்று நேரத்தில் இரைச்சலும் நின்றது. படகு குறுக்காகத் திரும்பிப் பாறையில் சாய்ந்து கவிழ்ந்தது, நான் தண்ணீருக்குள் போனேன். நீர் புகாத உலர் உடையும் உயிர்காப்பு அங்கியும் அணிந்திருந்ததாலும், கீழே நின்ற நண்பர் கயிறு எறிந்ததாலும் கரையேறினேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இந்த வகைப் பம்பிகளில் 1100 கலன் அளவுடையதன் வெளிவாய் பொதுவாக ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1⅛ அங்குலமாக இருக்கும். 500 கலன் அளவுடையதன் வாய் முக்கால் அங்குலம். எனக்குப் பூட்டியிருந்தது முக்கால் அங்குல வாயுள்ள சிறிய பம்பி. அதன் மேலிருந்த அளவுச் சீட்டை உரித்திருந்தார்கள். 1100 அமெரிக்கக் கலன் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 லீற்றர். 500 என்றால் 31 அல்லது 32 லீற்றர். இவைகூட நீரை மேலே தூக்காமல் இறைக்கும்போது கிடைக்கும் கணக்குத்தான். படகின் விளிம்பு வரை தூக்கி, குழாயை வளைத்து அனுப்பும்போது இன்னும் குறையும். பாதி அளவு பம்பியைக் கொடுத்து முழு அளவுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பழுப்பு வயர் நேர்முனைக்கும் கறுப்பு வயர் எதிர்முனைக்கும் போக வேண்டும். அவர்கள் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் மோட்டர் பின்பக்கமாகச் சுற்றும், இரைச்சல் கேட்கும், தண்ணீர் மட்டும் ஒழுங்காக வராது. உண்மையிலேயே தொட்டியில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆகவே தொட்டியில் பார்த்தோம் என்றது பொய். வயர்களின் இணைப்பை முறுக்கிவிட்டுச் சாதாரண ஒட்டுநாடாவைச் சுற்றியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து செம்பு பச்சையாகத் தொடங்கியிருந்தது. பற்றரியின் நேர்முனைக்கு அருகில் இருக்க வேண்டிய பியூஸ் இல்லவே இல்லை. குழாய் நடுவில் தொங்கி மேலேறியது. அப்படித் தொங்கும் இடத்தில் நீர் தேங்கி, பம்பிக்குள் காற்று அடைபட்டு நிற்கும். எல்லாவற்றையும் விட என்னை நோகச் செய்தது வேறு. பசையால் ஒட்டவேண்டிய பம்பியின் அடித்தட்டை ஒட்டாமல், என் படகின் அடிப்பாகத்தைத் துளைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். பசையைப் பற்றி அவ்வளவு விளக்கிய அதே மனிதர்! அந்தத் துளைகளை அடைக்கும் செலவு 640 டொலரில் சேராது, அது தனி.

தொலைபேசியில் அழைத்தேன். பூட்டியவர் விடுமுறையில் இருக்கிறார், வந்ததும் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆற்று மணல் உள்ளே போயிருக்கும், கடுமையான பாவனைக்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது. ஆற்றுக் கனோவுக்கென்றே வாங்கிய பம்பிக்கு ஆற்றில் ஓட்டியது குற்றமாம். பம்பி பழுது என்றால் அதைச் செய்த நிறுவனத்தோடு கதையுங்கள் என்று அடுத்த பதில் சொன்னது. சீட்டை உரித்த பம்பியை எந்த நிறுவனம் ஏற்கும்? நேரில் போனபோது, என் படகின் முன் முழங்காலிட்டு அளந்த அதே மனிதர், என்னை யாரென்றே தெரியாதவர்போல் விலைச்சிட்டையைக் கேட்டார். பிறகு கூலிப்பணம் திருப்பித் தருவதில்லை என்றார். கடைசியில் 40 டொலருக்குக் கடைச்சீட்டு தருவதாகச் சொன்னார்கள். 640 டொலரை எடுத்துக்கொண்டு, அதே கடையில் செலவழிக்க 40 டொலர்! நான் வாங்கவில்லை. நேரடியாக அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்ட பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுக்கும் சேவை நியாயமான தரத்தில் இருக்கும் என்பது எழுதாவிட்டாலும் விற்பவர் கொடுத்த உத்தரவாதமே. அதைச் சுட்டி எழுதிய கடிதத்துக்கு இன்று வரை பதில் இல்லை.

நிறைய எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பெட்டியைப் பிரிக்காத பம்பியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், வெளிவாயை அளவுகோலால் அளந்து பாருங்கள். தானாக இயங்கும் மிதவைச் சுவிச் ஆற்றில் படகு ஆடும்போதெல்லாம் தொடங்கி பற்றரியைத் தின்னும். கைக்கு எட்டும் இடத்தில் இறப்பர் மூடியுள்ள சாதாரண சுவிச் போதும். இணைப்புகளுக்குச் சூட்டில் சுருங்கிப் பசையோடு ஒட்டும் உறை போட்டிருக்கிறார்களா, பியூஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அடியில் துளை போடவே விடாதீர்கள். படகுக்குள் தண்ணீரை நிரப்பி உங்கள் கண்முன்னே இறைத்துக் காட்டும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், கொடுப்பதையும் கடன் அட்டையிலேயே கொடுங்கள்.